பிளேக் வீட்டுக் கதவு: சிலுவை, வைக்கோல், பூட்டு, சாவி

மார்ச் 2, மாலை (கேள்வி)

பள்ளி நாடகத்துக்கு 1665 லண்டன் தெரு ஒன்று அமைக்கிறோம். நடுவில் ஒரு பிளேக் வீட்டுக் கதவு வர வேண்டும். 1348 பெருங்கொள்ளைநோய்க் காலத்திலிருந்தே ஐரோப்பா முழுக்க நோய் கண்ட வீட்டுக்குச் சிவப்புச் சிலுவை போட்டு, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள் என்று படித்திருக்கிறோம். சிலுவையை ஆள் உயரத்துக்கு வரைந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். சரியாக இருக்குமா?

மார்ச் 2, இரவு

மூன்று இடத்தில் திருத்த வேண்டும்.

1348இல் சிவப்புச் சிலுவை வழக்கம் கிடையாது. அந்த ஆண்டுகளில் மிலானில் முதலில் நோய் கண்ட 3 வீடுகளின் வாசலையும் சன்னலையும் அடைத்துக் கட்டிவிட்டார்கள் என்று அக்காலத்து இத்தாலியக் குறிப்பு ஒன்று உண்டு. அது அடையாளம் போடும் வேலை அல்ல, சமாதி கட்டும் வேலை. இங்கிலாந்தில் வீட்டுக்கு அடையாளம் வைக்கும் அரசாணை வருவது 1518இல்தான். அப்போதும் சிலுவை இல்லை. வீட்டு முகப்பிலிருந்து சுமார் 10 அடிக் கழி நீட்டி, அதன் நுனியில் வைக்கோல் கட்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். 40 நாள் அது அங்கேயே இருக்கும். அந்த வீட்டார் வெளியே போனால் கையில் வெள்ளைக் கோல் பிடித்திருக்க வேண்டும்.

அளவு: 1665இல் லண்டன் மேயர் சர் ஜான் லாரன்ஸ் காலத்து ஆணைப்படி கதவின் நடுவில் 1 அடி நீளச் சிவப்புச் சிலுவை. அதை ஒட்டி மேலே அச்சடித்த வாசகம்: 'கர்த்தாவே, எங்கள்மேல் இரக்கமாயிரும்.' ஆள் உயரச் சிலுவை வேண்டாம்.

ஆணி: அந்த ஆணையில் பூட்டும் சாவியும் காவலாளும்தான் வருகிறார்கள். கதவைத் திறக்கவே முடியாமல் அடைத்தால் உள்ளே சோறு எப்படிப் போகும், பிணம் எப்படி வெளியே வரும்?

மார்ச் 3

'வைக்கோல் எப்போது சிலுவை ஆனது, சிலுவை எப்போது சிவப்பானது?' என்று கேட்டவருக்கு.

ஒரே நாளில் மாறவில்லை. 1543இல் எட்டாம் ஹென்றி காலத்து ஆணையில் சிலுவை வந்துவிட்டது: நோய் கண்ட வீட்டில் சிலுவை அடையாளம், 40 நாள். அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலையில் இருப்பவர் 2 அடி நீள வெள்ளைக் கோலோடு வெளியே போகலாம். நோய் வீட்டு வைக்கோலை இரவில் வயலுக்கு எடுத்துப்போய் எரிக்க வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. அன்று தரையிலும் படுக்கையிலும் வைக்கோல்தான். ஒரு காலத்தில் அடையாளமாகத் தொங்கிய பொருள், அடுத்த தலைமுறையில் எரிக்க வேண்டிய பொருள்.

1563இல் பார்த்தால் நீலச் சிலுவை. வெள்ளைத் தாளில் நீல நிறத்தில், தலைப்பகுதி இல்லாத 'ட' போன்ற... இல்லை, 'ட' சரிவராது. மேலே ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு. அந்தோணியார் சிலுவை என்பார்கள். அதைக் கதவில் ஒட்டினார்கள்.

தாளில் என்ன கோளாறு என்பது கதவு செய்கிறவருக்குச் சொல்லாமலே புரியும். மழை நனைக்கும், காற்று கிழிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரரே இரவில் உரித்துவிடுவார். அடையாளம் இருக்கும்வரை வியாபாரம் இல்லை, வேலை இல்லை. உரிக்காமல் என்ன செய்வார்? அதனால்தான் பின்னாளில் எளிதில் அழியாத எண்ணெய்ச் சாயத்தில் கதவின்மீதே வரைய ஆரம்பித்தார்கள். நாடகக் கதவில் சிலுவை தூரிகையில் இழுத்ததாகத் தெரியட்டும், வாசகம் தாளாக இருக்கட்டும். 1665க்கு அந்தக் கலவைதான் பொருந்தும்.

மார்ச் 3, பிற்பகல்

விட்டுப்போனது: மேயரின் ஆணை நடைமுறைக்கு வந்தது 1665 ஜூலை 1. ஆனால் சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் ஜூன் 7 அன்றே டிரூரி லேனில் சிலுவையும் வாசகமும் போட்ட இரண்டு மூன்று வீடுகளைப் பார்த்ததாக எழுதுகிறார். முரண்பாடு இல்லை. நகர எல்லைக்கு வெளியே நோய் முன்பே வந்துவிட்டது, பழைய ஆணைகள் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஏப்ரலிலேயே செயின்ட் கைல்ஸ் பகுதியில் 'கப்பல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய வீடு ஒன்றைப் பூட்டிச் சிலுவை போட்டார்கள். அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து சிலுவையையும் தாளையும் எடுத்தெறிந்து, கதவைத் திறந்து உள்ளிருந்தவர்களை வெளியே விட்டார்கள். அரசவை விசாரணைக்கு உத்தரவிட்டது.

அண்டை வீட்டார் பயந்து ஒதுங்கியதாகத்தான் எப்போதும் காட்டுகிறோம். இங்கே அண்டை வீட்டார்தான் கதவைத் திறந்தார்கள். நாடகத்தில் அதற்கு இடம் இருந்தால் கொடுங்கள்.

மார்ச் 4

பூட்டும் வேலை எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருப்பதால் வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் 1665 ஆணையிலிருந்து.

வீட்டில் யாருக்காவது நெறி கட்டினாலோ, உடம்பில் ஊதாப் புள்ளி கண்டாலோ, வேறு காரணம் தெரியாமல் கடுமையாகப் படுத்தாலோ, வீட்டுத் தலைவர் 2 மணி நேரத்துக்குள் அந்தப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட நகரப் பகுதியின்) விசாரணையாளருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். விசாரணையாளர் சம்பளக்காரர் அல்ல, ஊரில் மதிப்புள்ள ஒருவர். குறைந்தது 2 மாதம் பணி. மறுத்தால் சிறை. அடுத்து, சோதித்துப் பார்க்க நியமிக்கப்பட்ட பெண்கள் வருவார்கள். வந்திருப்பது பிளேக்கா இல்லையா என்று அவர்கள் சொல்வதை வைத்துத்தான் வீட்டின் கதி. அந்தப் பெண்கள் வேறு வேலை பார்க்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது, துணி துவைக்கப் போகக் கூடாது. தெருவில் நடக்கும்போது 3 அடி நீளச் சிவப்புக் கோலை எல்லார் கண்ணிலும் படும்படி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மருத்துவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலி, புதைப்பவர் எல்லாருக்கும் அதே கோல். சோதிக்கும் மருத்துவருக்கு ஓர் உடலுக்கு 12 பென்னி.

உறுதியானால் அன்றிரவே பூட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் 2 காவலாட்கள். பகல் ஆள் இரவு 10 மணி வரை, இரவு ஆள் காலை 6 மணி வரை. உள்ளே இருப்பவர்களுக்கு வேண்டியதை வாங்கி வருவதும் இவர்கள்தான். வாங்கப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

ஓட்டை விழுந்த இடமும் இதுதான். சாமான் வாங்க அனுப்பிவிட்டால் வாசலில் ஆள் இல்லை. முன்வாசலுக்குத்தான் காவல், கொல்லைப்புறச் சுவருக்கும் கூரைக்கும் யார் காவல்? ஆயிரம் வீடு பூட்டினால் இரண்டாயிரம் காவலாட்கள் வேண்டும். செப்டம்பரில் ஒரே வாரத்தில் 7,165 பேர் பிளேக்கில் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்த நிலையில் ஒவ்வொரு வாசலுக்கும் ஆள் நிறுத்த எந்த நகரத்தாலும் முடியாது.

அடக்கம் சூரிய உதயத்துக்கு முன் அல்லது மறைந்த பின். குழி குறைந்தது 6 அடி. உறவினரோ அண்டை வீட்டாரோ பின்னால் போகக் கூடாது. அனுமதி இல்லாமல் பிளேக் வீட்டுக்குள் நுழைந்தவரின் சொந்த வீடும் சில நாள் பூட்டப்படும். செவிலி, அந்த வீட்டில் ஒருவர் இறந்து 28 நாள் முடியும் முன் வேறு வீட்டுக்குப் போனால், மீதி நாளுக்கு அந்த வீட்டையும் பூட்டுவார்கள். தொற்று ஆளோடு நகர்வதால் பூட்டும் ஆளின் பின்னாலேயே நகர்கிறது.

மார்ச் 4, இரவு

'மீறினால் என்ன தண்டனை?' 1604 சட்டம். உடம்பில் பிளேக் புண்ணோடு வெளியே வந்து மற்றவரோடு கலந்தால் தூக்கு. புண் இல்லாமல் வந்தால் நாடோடியை அடிப்பதுபோல் சவுக்கடி. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: பூட்டிய வீட்டு ஏழைகளுக்குச் சோறு போட ஊராரிடம் வரி வாங்கலாம், ஊரால் முடியாவிட்டால் 5 மைல் சுற்றளவில் இருப்பவர்களிடமும் வாங்கலாம். அந்த வரி வந்து சேராத பங்குகளில்தான் பூட்டு கொடுமையானது.

மார்ச் 6

என் கணக்கில் ஒரு குழப்பம். முதல் நாள் '40 நாள்' என்று சொன்னதை எல்லாரும் 1665க்கும் பொருத்திப் பேசுகிறீர்கள். தவறு என்னுடையது, பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

1518, 1543: 40 நாள்.
1578 நாடு தழுவிய ஆணை: 6 வாரம். ஆனால் கிராமத்தில் மாடு, பயிர் பார்க்கப் போகிறவர் மேலாடையில் அடையாளத்தோடு அல்லது வெள்ளைக் கோலோடு போகலாம். மாட்டைப் பட்டினி போட்டால் அடுத்த பஞ்சம் உறுதி என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி.
1665 லண்டன்: நோயாளி சாகாவிட்டாலும் வீடு 1 மாதம்.
1666 மே: மறுபடி 40 நாள். இதுதான் எல்லாவற்றிலும் முழுமையானது. சிவப்புச் சிலுவை 40 நாள். அது முடிந்ததும் வெள்ளைச் சிலுவை, இன்னும் 20 நாள். அந்த நாட்களில் உள்ளே புகைபோட்டு, கழுவி, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். துணிமணி, தட்டுமுட்டு எதையும் 3 மாதத்துக்கு வேறு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இந்த 40 எங்கிருந்து வந்தது? 1377இல் ரகூசா, இன்றைய டுப்ரோவ்னிக், நோயுள்ள இடத்திலிருந்து வருபவரை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தியது. பின்னர் 40 ஆனது. வெனிஸ் மொழியில் நாற்பதுக்கான சொல்தான் இன்று உலகமெங்கும் 'குவாரன்டைன்'.

வீட்டில் அடுத்த ஆள் படுத்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 6 பேர் உள்ள குடும்பத்தில் மூன்று வாரத்துக்கு ஒருவராக விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 7

'அந்த வீட்டை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?' நல்ல கேள்வி. 'வருகை கண்ட வீடு' என்பதுதான் ஆணைகளில் உள்ள சொல். கடவுள் தண்டிக்க வந்திருக்கிறார் என்ற பொருளில். நமக்கு இது புதிதல்ல. அம்மை போட்ட வீட்டைப் பற்றி 'ஆத்தா வந்திருக்கா' என்கிறோம். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார். அதைச் செருகுவது வீட்டாரே என்பதுதான் பெரிய வேறுபாடு. அரசு ஆள் வந்து வரைய வேண்டியதில்லை, இரவில் உரிக்க வேண்டியதும் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வீட்டாரே எடுத்துவிடுவார்கள். பழி சொல்லாத அடையாளத்தை யாரும் ஒளிப்பதில்லை.

ஆனால் நோய்கள் வேறு. பெரியம்மை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும். விருந்தாளியை வாசலில் நிறுத்தினால் பயன் உண்டு. நெறிகட்டும் பிளேக் எலியின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வரும். அங்கே ஆளை நிறுத்துவது பாதி வேலைகூட ஆகாது.

மார்ச் 9

உணவு பற்றி.

லண்டனைவிட நன்றாகச் செய்த ஊர் பிளாரன்ஸ். 1630 பிளேக்கில் நோய் கண்ட வீட்டை 22 நாள் பூட்டினார்கள். 1631 ஜனவரியில் ஊர் முழுவதையுமே வீட்டோடு இருக்கச் சொன்னபோது நகரச் சுகாதார மன்றம் வீடு தேடிப் பங்கீடு கொடுத்தது. ஒரு நாளைக்கு 2 ரொட்டி, சுமார் அரை லிட்டர் திராட்சை மது. ஞாயிறு, திங்கள், வியாழன் இறைச்சி. செவ்வாய் மிளகு, பெருஞ்சீரகம், ரோஸ்மேரி சேர்த்த பன்றித் தொத்திறைச்சி. மற்ற நாட்களில் அரிசியும் பாலாடைக்கட்டியும். வெள்ளிக்கிழமை கூடவே கீரைக் கலவை. மேல்மாடி சன்னலிலிருந்து கூடை இறங்கும், நிரம்பி ஏறும். நகரத்து மக்களில் இறந்தவர்கள் 12 சதவீத அளவு. அந்தப் பிளேக்கில் மற்ற வட இத்தாலிய நகரங்கள் பல இதைவிட மிக மோசமாக இழந்தன. சோறுதான் காத்தது என்று சொல்லமாட்டேன். பசியால் சுவரேறிக் குதிக்கும் அவசியம் குறைந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இங்கிலாந்திலேயே ஈயம் (Eyam) என்ற கிராமம் 1665-66இல் வீடுகளைப் பூட்டாமல் ஊரையே மூடிக்கொண்டது. எல்லைக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போடுவார்கள், வெளியூரார் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். இறந்தவர் சுமார் 260 பேர். காசில் பிளேக் ஒட்டாது, வினிகர் தேவைப்படவில்லை. ஆனால் எல்லையில் ஆளும் ஆளும் சந்திக்காமல் இருந்தார்களே, அது வேலை செய்தது.

மார்ச் 10

'ஆரோக்கியமானவரையும் நோயாளியோடு சேர்த்துப் பூட்டியது அநியாயம் என்று அப்போதே யாருக்கும் தோன்றவில்லையா?'

தோன்றியது. 1665 ஆணையிலேயே ஒரு வாசல் இருக்கிறது, பணக்காரருக்கு மட்டும். இரண்டு வீடு வைத்திருப்பவர் தன் ஆட்களில் நோயுற்றவரையோ நலமானவரையோ, எந்தப் பக்கம் வேண்டுமோ, மற்ற வீட்டுக்கு மாற்றலாம். ஒருமுறை பிரித்தபின் மறுபடி கலக்கக் கூடாது. மாறிப் போனவர் குறைந்தது 1 வாரம் தனித்திருக்க வேண்டும். இரவில்தான் போக வேண்டும். சரியான முறை இதுவே என்று ஆணையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டுக்கு அந்த முறை எட்டவில்லை.

செப்டம்பர் 3 அன்று பெப்பிஸ் எழுதிய ஒரு நிகழ்ச்சி. கிரேசியஸ் தெருவில் குதிரைச் சேணம் செய்பவர் ஒருவர். மற்றக் குழந்தைகள் எல்லாம் இறந்தாயிற்று. அவரும் மனைவியும் பூட்டிய வீட்டுக்குள், தப்பும் நம்பிக்கை இல்லாமல். மிஞ்சிய ஒரு குழந்தையை உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் வெளியே நின்ற நண்பர் கையில் கொடுத்தார்கள். அவர் புதுத் துணி உடுத்தி கிரீன்விச்சுக்குக் கொண்டுபோனார். செய்தி அதிகாரிகளிடம் வந்தது. குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தத் தாய்க்குத் தெள்ளுப்பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பழைய துணி எதையும் உடன் அனுப்பவில்லை. அந்த ஆண்டு லண்டன் முழுக்கப் பூட்டிய வாசல்களில் நடந்தவற்றில், பிளேக் பரவும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு செயலை நான் படித்ததில்லை.

மார்ச் 11

பம்பாயைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. 1896இல் அங்கே பிளேக் வந்தபோது வீட்டைப் பூட்டும் முறை தலைகீழானது. ஆளைப் பிடித்து மருத்துவமனைக்கும் முகாமுக்கும் கொண்டுபோய், வீட்டைத் தண்டித்தார்கள். கூரை ஓட்டைப் பிரித்து வெயில் இறக்கினார்கள், பாதரச உப்புக் கரைசல் தெளித்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். தேறாத கட்டடத்தின் சுவரில் 'யு.எச்.எச்.' என்று மூன்று எழுத்து: மனிதர் குடியிருக்கத் தகாதது. அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்ததன் ஆத்திரம் 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டதில் முடிந்தது.

கரைசல் கிருமியைக் கொல்லும், தெள்ளுப்பூச்சியைக் கொல்லாது. தெள்ளுப்பூச்சிதான் காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898இல் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் ஆராய்ச்சிக் குழு பிளேக் வீடுகளுக்குள்ளேயே கினிப்பன்றிகளை வைத்துப் பார்த்தது. தரையில் விட்டவற்றில் பல செத்தன. 2 அடி உயரத்தில் கூண்டில் தொங்கவிட்டவை பிழைத்தன. சுற்றிலும் பூச்சி ஒட்டும் பசைத்தாள் விரித்த கூண்டில் இருந்தவையும் பிழைத்தன. அதே வீடு, அதே காற்று.

எலி செத்து விழுந்ததும் வீட்டைக் காலிசெய்து ஊருக்கு வெளியே குடிசை போட்டவர்கள் செய்தது சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கோவைப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தலைமுறை பிளேக்கை எவ்வளவு அருகில் பார்த்தது என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

மார்ச் 12

கதவு செய்கிறவருக்கு. ஓக் மரப் பலகை போலப் பழுப்பு. நடுவில் 1 அடிச் சிவப்புச் சிலுவை, ஓரம் சற்று வழிந்திருக்கட்டும். ஒட்டி மேலே வாசகத் தாள். பூட்டு வெளிப்பக்கம், ஆணியும் குறுக்குப் பலகையும் வேண்டாம். வாசலில் காவலாள், சாவி அவர் இடுப்பில். தெருவில் போகும் பெண்ணின் கையில் 3 அடிச் சிவப்புக் கோல், வெள்ளைக் கோல் அல்ல. கடைசி வரிசைக்குச் சிலுவை தெரியாது என்றால் தெரியவேண்டாம், கோலும் சாவியும் தெரியும். மேலே ஒரு சன்னல் திறக்கும்படி வையுங்கள். அந்தக் குழந்தையை அங்கிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.